ஹாரிதா (ரலி) காலி செய்து கொடுத்த வீடு

  

 

நாம் ஆலிம் இல்லை. மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், அதற்குப் பின் கல்லாப்பெட்டியடியில் நின்று கற்றுக்கொண்டதுமே நம் கல்வி. ஆகவே இங்கே சட்டம் சொல்ல வரவில்லை. ஒரு கடைக்காரன் மற்றக் கடைக்காரரிடம் மனம் விட்டுப் பேசுவதாகவே எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

சில நாட்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். பெரியவர் ஒருவர், “இந்தக் காலத்துப் பையன்களுக்கு முப்பது வயதாகிறது, கல்யாண நினைப்பே இல்லை” என்று சலித்துக்கொண்டார். அருகிலிருந்த வாலிபர் தலையைக் குனிந்தபடியே, “நினைப்பு இருக்கிறது சாச்சா, வீடுதான் இல்லை” என்றார். பெரியவர் பதில் சொல்லவில்லை. நமக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைக்குத் திரும்பிய பிறகும் அந்தச் சொல் காதில் நின்றது.

நம் முன்னோர் சிங்கப்பூருக்கு வந்தபோது அவர்களில் பலருக்கு வீட்டுக் கவலை இருந்ததில்லை. ஏனெனில் வீடு ஊரில் இருந்தது. நாகூரிலும் காயல்பட்டினத்திலும் கூத்தாநல்லூரிலும் மனைவி மக்கள் இருந்தார்கள். இங்கே கடைக்கு மேல்மாடியில் பாயை விரித்தால் படுக்கை, சுருட்டினால் சரக்கு அறை. கடையநல்லூரார் குடும்பத்தோடு வந்து தஞ்சோங் பகார் பக்கம் குடியேறினார்கள். அவர்கள் பட்ட இட நெருக்கடியை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் சொல்லக் கேட்கிறோம். 1960ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்து ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தனர். வீடு கட்டுவது அதற்குப் பின் அவசரமாயிற்று. 1964ல் வீடுகளைச் சொந்தமாக விற்கும் திட்டம் வந்தது. குவீன்ஸ்டவுனில் மூவறை வீட்டின் விலை 6,200 வெள்ளி! 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்க வழி பிறந்தது. நம் பெற்றோர் அப்படித்தான் வீட்டுக்காரர் ஆனார்கள்.

அதே குவீன்ஸ்டவுனில் 2012ல் ஒரு கழக வீடு பத்து லட்சம் வெள்ளிக்குக் கைமாறியது. 2024ல் அந்த விலைக்கோ அதற்கு மேலோ விற்ற கழக வீடுகள் தீவெங்கும் 1,000க்கு மேல். எல்லா வீடும் அந்த விலையல்ல என்பது உண்மை. கழகம் புதிதாகக் கட்டி விற்கும் வீடு மறுவிற்பனை வீட்டைவிட மலிவு. வருமானம் குறைந்த புது வீட்டுக்காரருக்கு 2024 ஆகஸ்டு முதல் 120,000 வெள்ளி வரை மானியமும் உண்டு. ஆகவே அரசாங்கத்தைக் குறைகூற இந்தப் பக்கத்தை நாம் எழுதவில்லை. ஆனால் புது வீட்டுக்குக் குலுக்கலில் எண் விழ வேண்டும், விழுந்த பின் கட்டி முடியக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவன் மறுவிற்பனை வீட்டுக்குப் போனால், மதிப்பீட்டுக்கு மேல் விற்பவர் கேட்கும் தொகையை ரொக்கமாகவே எண்ணி வைக்க வேண்டும். அதற்குச் சேமநிதி உதவாது. 25 வயதுப் பையனிடம் ரொக்கம் ஏது?

இந்த இடத்தில் ஒரு சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறோம். நம்மில் பலர் கேட்டிருக்கலாம். கேட்டவர்களும் இன்னொரு முறை கேட்பதில் நஷ்டமில்லை.

ஹழ்ரத் அலி (ரலி) அவர்கள் நம் நாயகத்தின் அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்களை மணமுடித்தபோது அலியிடம் என்ன இருந்தது? மஹர் கொடுக்கக் கையில் எதுவும் இல்லை. போர்க்கவசம் ஒன்று இருந்தது. அதை மஹராகக் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) சொன்னார்கள். மகளாருக்குக் கொடுத்தனுப்பிய சாமான்கள் எவை? ஒரு போர்வை, தண்ணீர் வைக்கும் தோல்துருத்தி, இத்கிர் என்னும் புல்லை அடைத்த தோல் தலையணை. இரு உலகத் தலைவரின் வீட்டுக் கல்யாணம் இவ்வளவில் முடிந்தது. அடுத்த கேள்விதான் நம் விஷயம்: அந்தப் புது மணமக்கள் குடியிருக்க வீடு எங்கே?

அலி (ரலி) ஒரு வீடு பார்த்தார்கள். கிடைத்தது நாயகத்தின் இருப்பிடத்திலிருந்து சற்றுத் தூரத்தில். மகள் பக்கத்தில் இருந்தால் நன்றாயிருக்குமே என்று நாயகம் (ஸல்) விரும்பினார்கள். பெண்ணைப் பெற்ற தகப்பனுக்கு இந்த ஆசை எந்தக் காலத்திலும் ஒன்றுதான். மகளார், “ஹாரிதாவிடம் கேட்டுப் பாருங்களேன்” என்றார்களாம். ஹாரிதா இப்னு நுஃமான் (ரலி) என்பவர் மதீனாவாசி. நஜ்ஜார் குடும்பத்தைச் சேர்ந்தவர். நாயகத்தின் வீட்டருகே அவருக்குச் சில வீடுகள் இருந்தன. ஏற்கனவே நமக்காக அவர் வீடு விட்டுக் கொடுத்திருக்கிறார், இன்னும் எப்படிக் கேட்பது, வெட்கமாயிருக்கிறது என்ற பொருளில் நாயகம் (ஸல்) பதில் சொன்னார்கள். கேட்டால் மறுக்க மாட்டார் என்று தெரிந்தும் கேட்க வெட்கப்பட்டார்கள்!

இந்தப் பேச்சு எப்படியோ ஹாரிதாவின் காதுக்கு எட்டியது. அவர் என்ன செய்தார்? கூப்பிட்டுக் கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. “வாடகை என்ன தருவீர்கள்” என்று ஆள் அனுப்பவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு, பிறகு வந்து நின்றார். “யா ரஸூலல்லாஹ், இதோ என் வீடு, நீங்கள் என்னிடம் விட்டுவைப்பதைவிட எடுத்துக்கொள்வதே எனக்குப் பிரியம்” என்னும் கருத்துப்படச் சொன்னார். நாயகம் (ஸல்) அவருக்கு பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள். பாத்திமா (ரலி) அந்த வீட்டில் குடியேறினார்கள்.

சகோதரர்களே, இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கேட்கிறவருக்கு வெட்கம் இருந்தது, கொடுக்கிறவருக்குக் காது இருந்தது. நம் பிள்ளைகளுக்கும் வெட்கம் இருக்கிறது. அவர்கள் வாய் திறந்து கேட்பதில்லை. கேட்டால், ‘அந்தக் காலத்தில் நாங்கள் சிமெண்டுத் தரையில் படுத்தோம்’ என்று தொடங்குவோம் என்று அவர்களுக்குத் தெரியும். குறை நம் காதில்தான்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் வணிகர் கூட்டங்களில் அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் கதையைச் சொல்லாத மேடை இல்லை. மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர், “எனக்குக் கடைத்தெருவைக் காட்டுங்கள் போதும்” என்று சொல்லி, உழைத்துப் பெருஞ்செல்வரானார் என்று பெருமையோடு பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அவர் அப்படிச் சொன்னது எந்தக் கேள்விக்குப் பதிலாக? ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் சொத்தில் சரிபாதியை முன்னால் வைத்து, “இது உமக்கு” என்று சொன்ன பிறகல்லவா அந்தப் பதில் வந்தது? நாம் பாதியைக் காட்டாமல் கடைத்தெருவை மட்டும் காட்டுகிறோம். ‘உழைத்து முன்னுக்கு வா’ என்று புத்தி சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஸஅதைப் போல முதலில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்.

கல்யாணச் செலவைப் பற்றிச் சிறிது பேசுவோம். நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. வலீமாவுக்கு 1,000 பேரை அழைக்கிறோம். தலைக்கு 15 வெள்ளி என்று குறைத்தே போட்டாலும் சோற்றுக்கு மட்டும் 15,000. மண்டபம், மேடை அலங்காரம், படம் பிடிப்பவர், துணிமணி, நகை எல்லாம் வேறு. இரண்டு வீட்டாரும் தனித்தனியே விருந்து வைத்தால் இரட்டிப்பு. ஒரே நாள் மாலையில் கரைவது, ஒரு புது வீட்டின் முன்பணத்தில் பெரும்பங்கு. வந்தவர்களில் பாதிப் பேருக்கு மாப்பிள்ளையின் பெயர் தெரியாது. வலீமா ஸுன்னத்து, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாயகம் (ஸல்) தம் தோழர் ஒருவரிடம் ஓர் ஆட்டையாவது அறுத்து விருந்து வைக்கச் சொன்னார்கள். கடன் வாங்கி மந்தையை அறுக்கச் சொல்லவில்லை. கைக்கூலி வாங்குவோரைப் பற்றி ஒரே வரி: மஹர் கொடுக்க வேண்டியவன் கை நீட்டி வாங்குகிறான் என்றால், அவன் வாங்குவது பெண்வீட்டார் தங்கள் மகளின் குடித்தனத்துக்கு வைத்திருந்த பணம்.

இப்போது நாம் செய்யக்கூடியது என்ன என்று கேட்கலாம். நம்மில் சிலருக்கு இரண்டு வீடு, மூன்று கடைவீடு இருக்கின்றன. புது வீட்டுச் சாவிக்காகக் காத்திருக்கும் மணமக்களுக்கு ஓர் அறையைச் சந்தை வாடகைக்குக் குறைவாகக் கொடுத்தால் நம் கடை படுத்துவிடாது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் வாடகை ஏறியபோது நம்மவர்களே நம்மவர்களுக்கு இரண்டு மாதத் தவணை கொடுத்து, ‘ஏற்றித் தா, இல்லையேல் காலி செய்’ என்று சொன்னதை நாம் கண்ணால் பார்த்தோம். சட்டப்படி குற்றமில்லை. ஹாரிதாவின் தெருவில் அப்படி நடக்கவில்லை, அவ்வளவுதான். பெற்றோருக்கு அருகில், 4 கிலோமீட்டருக்குள், மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு அரசாங்கம் 20,000 வெள்ளியும், பெற்றோரோடு சேர்ந்தே இருக்க வாங்கினால் 30,000 வெள்ளியும் மானியம் தருகிறது. இதை அறியாத தகப்பன்மார் நம்மிடையே இருக்கிறார்கள். பையனையும் மருமகளையும் உட்கார வைத்துக் கழகத்தின் கணக்கை ஒரு முறை பார்த்தால் நல்லது.

வட்டி என்ற கேள்வி வரும். கழகம் கொடுக்கும் கடனுக்குப் பல ஆண்டுகளாக 2.6 விழுக்காடு. அதில் மார்க்கச் சட்டம் என்ன என்பதை அவரவர் பள்ளிவாசல் இமாமிடமோ முயிஸிலோ கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். கடைக்காரன் ஃபத்வா கொடுக்கக் கூடாது. ஆனால் நாம் நம்மையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். கடனுக்குப் போகும் வாலிபனை நிறுத்தி, ‘தம்பி, வட்டியை யோசித்தாயா?’ என்று எச்சரிக்கும் நாம், ‘இந்தா 10,000 வெள்ளி, வட்டி வேண்டாம், ஐந்து வருஷத்தில் மெதுவாகத் திருப்பிக் கொடு’ என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? அழகிய கடன் என்று அல்லாஹ் சிறப்பித்துச் சொல்வதை நாம் ரமலான் பயானில் கேட்கிறோம். கொடுப்பதானால் எழுதிக் கொடுங்கள், சாட்சி வையுங்கள். சொந்தக்காரன்தானே என்று வெட்கப்பட வேண்டாம். திருமறையின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை வியாபாரிகளாகிய நாம் மறக்கலாகாது. பையன் சிரமப்பட்டால் தவணையைத் தள்ளிக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே இடத்தில், அதற்கு இரண்டு வசனம் முன்னால் இருக்கிறது.

இதுவரை சொன்னது பிறரைப் பற்றி. இனிச் சொல்வது நம்மைப் பற்றி. எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தோம்.

2020ல் தேசிய சேவை முடித்த ஒரு பிள்ளை நம் மளிகைக் கடைக்கு வேலைக்கு வந்தான். கை சுத்தம், வாய் சுத்தம். சரக்கு எடுக்க நாம் பாசிர் பாஞ்சாங் போனால் கல்லாவை அவனிடம் விட்டுப் போவோம். மாதச் சம்பளம் 2,600 வெள்ளி என்று பேசினோம். தங்கை கல்யாணம் நெருங்கியபோது அவன், “மாமா, சேமநிதிப் பிடித்தம் போனால் கையில் ஒன்றும் நிற்கவில்லை, கொஞ்சம் வேறு மாதிரிக் கொடுங்களேன்” என்றான். நாம் ‘சரி’ என்றோம். 1,400 கணக்கில், 1,200 கையில். பிள்ளையின் மேல் இரக்கப்பட்டுச் செய்ததாகவே அன்று நாம் நினைத்துக்கொண்டோம். ஆனால் பேரேடு பொய் சொல்லாது. 1,200 வெள்ளிக்கு முதலாளி கட்ட வேண்டிய பங்கு 17 விழுக்காடு. மாதம் 204 வெள்ளி நமக்கு மிச்சம். மூன்று ஆண்டு இப்படியே ஓடியது. 7,344 வெள்ளி. அந்த ஆண்டுகளில்தான் நாமும் வீட்டாரும் உம்ராவுக்குப் போய் வந்தோம்.

2023ல் அவனுக்குப் பெண் நிச்சயமானது. வீட்டுக்கு மனுப் போடுமுன் கழகத்திடம் தகுதிக் கடிதம் பெற வேண்டும். எவ்வளவு கடன், எவ்வளவு மானியம் என்று அதில் வரும். கடிதம் வந்த அன்று மாலை அவன் கடைக்கு வந்து, கைப்பேசியை நம்மிடம் நீட்டிவிட்டு, அரிசி மூட்டைகளை அடுக்கப் போய்விட்டான். நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சம்பளத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் தவணை கட்டக் கழகம் அனுமதிப்பதில்லை. 2,600க்கு 780 வெள்ளி; 1,400க்கு 420 வெள்ளிதான். 25 ஆண்டுத் தவணை என்றால், அவன் பங்குக்கு 164,000 சொச்சம் கிடைத்திருக்க வேண்டிய கடன் 88,000 சொச்சமாகக் குறைந்தது. ஏறத்தாழ 76,000 வெள்ளி! அதுவுமன்றி, அவன் வயதுக்காரருக்குச் சம்பளத்தில் 23 விழுக்காடு சாதாரணக் கணக்கில் சேரும். வீட்டுக்கு எடுக்கக்கூடியது அதுதான். அதில் 9,936 வெள்ளி சேராமலே போய்விட்டது. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் மானியம் கூடும் என்று காதில் ஓதும் தந்திரக்காரர்களும் நம் தெருவில் இருக்கிறார்கள். பொய்க் கணக்கில் வரும் பணம் யாருக்கு பரக்கத்தாகும்? அந்தப் பேச்சே வேண்டாம்.

வேலை வாங்கிக்கொண்டு கூலியை முழுமையாகக் கொடுக்காதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வழக்காடுவான் என்று மதரஸாவில் உஸ்தாது சொல்லிக் கொடுத்தது நமக்கு ஞாபகம் வந்தது. கூலி என்றால் கையில் கொடுப்பது மட்டும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தோம். இந்த நாட்டில் ஓர் உழைப்பாளியின் வீடு அவன் சேமநிதிக்குள் இருக்கிறது. அதில் கை வைத்தவன் அவன் வீட்டில் கை வைத்தவன். “அவனேதான் கேட்டான்” என்று நாம் சொல்லலாம். இருபது சொச்ச வயதுப் பிள்ளை கேட்டான். நாற்பது வயதுக் கடைக்காரன் மறுத்திருக்க வேண்டும்.

சேமநிதிக் கழகத்துக்குப் போய் உள்ளதைச் சொன்னோம். பாக்கித் தொகைக்கு மாதம் 1.5 விழுக்காடு தாமதக் கட்டணம். முதலாளி பங்கு, தொழிலாளி பங்கு இரண்டையும் சேர்த்து 15,984 வெள்ளியும், அதற்கு மேல் தாமதக் கட்டணமும் நம் கையிலிருந்து கட்டினோம். அன்று முதல் அவன் சம்பளம் முழுவதும் கணக்கில் ஏறுகிறது. ஆனால் பணம் திரும்பினாலும் காலம் திரும்பவில்லை. அந்தச் சுற்றில் அவன் மனுப் போடவில்லை. பிறகு போட்ட இரண்டு முறையும் குலுக்கலில் எண் தள்ளி விழுந்தது. மூன்றாவது முறை கிடைத்தது. கட்டடம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. நிக்காஹ் முடிந்துவிட்டது. பெண்ணின் தாயார் வீட்டில், மூவறை வீட்டின் ஓர் அறையில், அவர்கள் இருவரும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். மைத்துனன் கூடத்தில் படுக்கிறான்.

இதைப் படிக்கும் சகோதரர்கள் தங்கள் கடையில் சம்பளம் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதை இன்றிரவே பார்க்க வேண்டுகிறோம். ஒவ்வொரு மாதத்துச் சேமநிதியையும் கட்டி முடிக்க அடுத்த மாதம் 14ஆம் தேதி வரை அவகாசம் உண்டு. கையில் கொடுக்கும் வழக்கம் இருந்தால் இந்த மாதத்தோடு நிறுத்தலாம். பழைய பாக்கி இருந்தால் அதிகாரி வந்து கேட்குமுன் நாமாகப் போவது மேல். சேமநிதிக் கழகத்தில் நம்மை யாரும் கடித்துத் தின்றுவிடவில்லை.

அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம். கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கம் வந்து நின்று கேட்டோம். “ஹலாலாக்கிவிட்டேன் மாமா, அதை விடுங்கள்” என்றான். அவன் மனைவியிடம் கேட்க வேண்டியது பாக்கி இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறாள். நமக்கு ஸலாம் சொல்கிறாள். நாமும் பதில் சொல்கிறோம். அதற்கு மேல் இன்னும் வாய் வரவில்லை. துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.